எங்கள் வளவுக்கு நாற்காலி வந்த பிறகு

திருப்பூர் பணக்கார ஊரானதைப் பற்றி இப்போது பேசுகிறவர்கள் எல்லாரும் உழைப்பு, உழைப்பு என்றே பேசுகிறார்கள். கழுத்தில் மாலையோடு மேடையில் நின்று பேசுவதற்கு அந்த வார்த்தை வசதியாக இருக்கிறது. எனக்கு அதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். உழைத்தவர்களை எனக்குத் தெரியும். எங்கள் வளவிலேயே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் மாலை போடட்டும்.

வளவு என்றால் ஒரே தலைவாசல், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு சேந்து கிணறு, இரண்டு பக்கமும் வரிசையாக ஓட்டு வீடுகள். வீடு என்று பெயர்தான். ஓர் அறை, அதற்குப் பின்னால் புகை போக வழியில்லாத ஒரு சமையல் இடம், அவ்வளவே. ஐம்பதுகளின் கடைசியில் நான் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த காலத்தில் அங்கே எல்லாரும் ஒரே மாதிரி ஏழைகளாக இருந்தோம். எங்கள் அப்பா பஞ்சு அரவை மில்லில் கணக்கு எழுதினார். நாங்கள் நெசவுக்காரக் குடும்பம், ஆனால் தறியை விட்டு ஒரு தலைமுறை ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். அதற்கடுத்த வீட்டில் இட்லி சுட்டு விற்கிற ஓர் அம்மாள். மற்ற வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் மழையில்லாத காட்டைப் போட்டுவிட்டு, பனியன் கம்பெனியை நம்பிச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்த விவசாயக் குடும்பங்கள்.

அப்படி வந்தவர்களில் இரண்டு பேர் என் சிநேகிதியின் அப்பாவும், அவர்களுக்கு நேர் எதிர்வீட்டுக்காரரும். இரண்டு பேரும் ஒரே சாதி சனம், ஒரே கம்பெனி, பக்கத்துப் பக்கத்து மெஷின். அந்தக் காலத்தில் பனியன் துணி பின்னுகிற வட்ட மெஷினைக் கையால்தான் சுற்ற வேண்டும். சாயங்காலம் வரும்போது இரண்டு பேருக்கும் புஜம் வீங்கியிருக்கும். தலையில், புருவத்தில், காது மடலில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். கிணற்றடியில் ஒருவர் தலைக்கு இன்னொருவர் தண்ணீர் சேந்தி ஊற்றுவார்கள். "மச்சான்" என்று இவர் கூப்பிட்டால் "மச்சான்" என்று அவரும் பதில் சொல்வார். யார் யாருக்கு மச்சான் என்று எங்களுக்கு விளங்கியதே இல்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். வாசற்படி ஏறி யார் வந்தாலும் "வாங்க" என்று கேட்டாக வேண்டும். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க வந்தவனாக இருந்தாலும் சரி, சட்டையைப் பிடிக்க வந்தவனாக இருந்தாலும் சரி, முதலில் வாங்க, பிறகுதான் சண்டை. கேட்காமல் விட்டால் அது கைநீட்டி அடித்ததைவிட மோசம். ஒரு கல்யாண வீட்டில் அவசரத்தில் ஒருவரை வாங்க என்று கேட்க மறந்துபோய், இரண்டு பங்காளிக் குடும்பங்கள் ஒன்றின் சாவுக்கு இன்னொன்று போகாமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஏன் பேசுவதில்லை என்று கேட்டால், "வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலைங்க" என்பார்கள். அதற்குமேல் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

வளவுக்குள் இந்த வழக்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர் எல்லா வீட்டுக்கும் விருந்தாளி. யார் வீட்டில் இடம் இருக்கிறதோ அங்கே உட்கார வைப்பார்கள். பாய் ஒரு வீட்டிலிருந்து வரும், பித்தளை டம்ளர் இன்னொரு வீட்டிலிருந்து வரும், சர்க்கரை எங்கள் வீட்டிலிருந்து போகும். சர்க்கரையைக் கொடுத்துவிட்டு அம்மா முணுமுணுப்பாள், அது தனிக்கதை. ஆனால் கொடுக்காமல் இருக்க மாட்டாள்.

எதிர்வீட்டுக்காரருக்கு மாமனார் வழியில் கொஞ்சம் நிலம் இருந்தது. மாமனார் அதை விற்றுத் தந்தார். இவர் பழைய மெஷின் இரண்டு வாங்கித் தன் வீட்டு அறையிலேயே போட்டார். குடும்பம் சமையல் இடத்துக்குள் ஒடுங்கிக்கொண்டது. என் சிநேகிதியின் அப்பாவுக்கு நிலம் தந்து உதவ யாருமில்லை. எனவே பழைய கம்பெனியை விட்டுவிட்டு மச்சானின் மெஷினை ஓட்ட வந்தார். நம்ம ஊட்டு வேலை, நாமளே செய்யாட்டி யார் செய்வாங்க என்று பெருமையாகச் சொன்னார். நிலம் விற்க இருந்தவன் மெஷின் வாங்கினான், இல்லாதவன் அந்த மெஷினை ஓட்டினான். எங்கள் ஊர் வளர்ந்த கதையில் முக்கால்வாசி இதுதான். மீதிக் கால்வாசியை வேண்டுமானால் உழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் நடுவில் எங்கள் வீதி அடையாளம் தெரியாமல் போய்விட்டது. காதர்பேட்டையில் வடக்கத்தி சேட்டுகள் வந்து மூட்டை மூட்டையாகப் பனியன் எடுத்துப் போனார்கள். ஒவ்வொரு ஓட்டு வீடாக இடிந்து மொட்டை மாடி வீடாக எழுந்தது. மாடி எழுந்த வீட்டில் முதலில் ஒரு இரும்புக் கேட் வந்தது, கேட்டுக்குப் பின்னால் ஒரு நாய் வந்தது. நேற்றுவரை எங்கள் கிணற்றில் குடம் வைத்துக் காத்திருந்த பெண்கள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு காரில் ஏறும்போது எங்கள் பக்கம் திரும்பவே மாட்டார்கள். அவர்களுக்குக் கழுத்து வலியோ என்று இட்லிக்கார அம்மாள் கேட்பாள்.

எதிர்வீட்டுக்காரர் வளவையே விலைக்கு வாங்கினார். இனி அவரை முதலாளி என்றே சொல்கிறேன், வளவில் எல்லாரும் அப்படித்தான் சொல்ல ஆரம்பித்தோம். முதலில் அப்படிச் சொன்னது என் சிநேகிதியின் அப்பாதான். எந்த நாளில் மச்சான் போய் "மொதலாளிங்க" வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. முதலாளி அவரைத் திருப்பி "ஏப்பா" என்று கூப்பிட ஆரம்பித்ததையும் யாரும் கவனிக்கவில்லை. வளவின் முன்பக்கம் இருந்த வீடுகளை இடித்து முதலாளி தனக்கு ஒரு பெரிய வீடு கட்டிக்கொண்டார். மொசைக் தரை, கூரையில் மின்விசிறி, முன்கூடத்தில் ஒயர் பின்னிய நாற்காலிகள். எங்கள் வளவுக்கு நாற்காலி வந்தது அப்போதுதான். தன் பழைய வீட்டுப் பக்கத்து வரிசையைக் கம்பெனியாக்கினார். மீதி வீடுகளில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அதையும் ஒருநாள் இடித்துக் கம்பெனியைப் பெரிதாக்கப் போகிறார் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டே இருந்தது.

என் சிநேகிதி எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு முதலாளி கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போனாள். தைத்து வந்த பனியனில் தொங்குகிற நூலைக் கத்தரிக்கிற வேலை. நல்ல அழகி. வாய்த் துடுக்கும் அதிகம். அவளுக்குப் பத்தொன்பது வயது ஆனபோது அவள் அப்பாவுக்கு ஒரே ஒரு கவலை பிடித்துக்கொண்டது. வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்குள் பெண்ணுக்கு ஒரு நல்ல இடம் பார்த்துவிட வேண்டும். அதில் ஒரு கணக்கு இருந்தது. எங்கள் வீதிப் பெயரைச் சொன்னாலே வெளியூரில் மரியாதை வந்திருந்தது. அந்த வீதியில் குடியிருக்கும்வரைதான் பெண் கேட்டு நாலு பேர் வருவார்கள். ரயில் ரோட்டைத் தாண்டிக் குடிபோய்விட்டால் அப்புறம் யார் எட்டிப் பார்ப்பார்கள்? இதை அவர் எங்கள் அப்பாவிடம் வந்து சொல்லிக்கொண்டிருந்தபோது நானே கேட்டேன்.

மூலனூர்ப் பக்கமிருந்து ஓர் இடம் அமைந்தது. நிலபுலன் உள்ள குடும்பம், ஆனால் கிணற்றில் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. ஒரே பையன், பத்தாவது படித்தவன். அவனைப் பனியன் தொழிலில் இறக்கிவிட வேண்டும், அதற்குத் திருப்பூருக்குள் ஒரு சம்பந்தம் வேண்டும் என்று தேடினார்கள். தரகர் எங்கள் வீதிப் பெயரைச் சொன்னார். கம்பெனிக்கு உள்ளேயே குடியிருக்கிற குடும்பம் என்று சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை. கம்பெனிக்கு உள்ளேதானே குடியிருந்தார்கள்?

அவர்கள் பெண் பார்க்க வருகிறோம் என்று தாக்கல் சொல்லி அனுப்பிய அன்று என் சிநேகிதியின் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். எனவே முதலாளியிடம் போய், அவர்களை உங்கள் முன்கூடத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவரைப் பொறுத்தவரை அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. வளவில் காலங்காலமாக நடக்கிறதுதானே, இடம் இருக்கிற வீட்டில் விருந்தாளியை உட்கார வைப்பது. முதலாளியும் தாராளமாகச் சம்மதித்தார். இதிலே கேக்கறதுக்கு என்னப்பா இருக்குது, நம்ம ஊட்டுப் புள்ளை என்றார். என் சிநேகிதியின் அப்பா உச்சி குளிர்ந்துபோய் வந்து எல்லா வீட்டிலும் சொன்னார். எங்கள் அம்மா மட்டும் கேட்டுவிட்டு, நிமிராமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அப்போதே ஏதோ பட்டிருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் சிநேகிதிக்குத் தலை பின்னி, பூ வைத்து, முதலாளி வீட்டுச் சமையலறையில் கொண்டுபோய் நிறுத்தினோம். அவள் அம்மா தன் வீட்டிலிருந்தே காப்பி போட்டு எடுத்து வந்து அங்கே அடுப்பில் சூடாக வைத்திருந்தாள். சமையலறைக் கதவுக்கும் நிலைக்கும் இடையே ஒரு இடுக்கு உண்டு. நானும் அவளும் அதன் வழியாகக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் காதைப் பற்றி அவள் ஏதோ கிண்டல் சொல்ல, நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. பிடிக்காத எதையும் அவள் கிண்டல் செய்ய மாட்டாள்.

அவர்கள் பஸ்ஸில் வருவார்கள் என்று அவள் அப்பா பஸ் நிலையத்துக்குப் போயிருந்தார். அவர்களோ வாடகைக் கார் வைத்துக்கொண்டு வேறு வழியாக வந்து இறங்கிவிட்டார்கள். முதலாளி கேட் வரைக்கும் போனார். "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். பையனின் அப்பாவை, அம்மாவை, சித்தப்பாவை, கூட வந்த பங்காளிகளை. கார் டிரைவரைக்கூட விடவில்லை. எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நினைத்ததைவிட ஆட்கள் அதிகம்தான், ஆனாலும் ஒரு நாற்காலி மீதியிருந்தது. விசிறி சுற்றியது. நூல் விலை, மழை, கிணறு என்று பேச்சு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

அப்போது அவள் அப்பா வந்தார். பஸ் நிலையத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறார். புது வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. படியேறிக் கூடத்துக்குள் வந்து எல்லாருக்கும் பொதுவாகக் கையெடுத்துக் கும்பிட்டார். வந்தவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. யாரென்று தெரிந்துகொள்ள முதலாளி முகத்தைப் பார்த்தார்கள். முதலாளி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாங்க மச்சான் உக்காருங்க என்று மீதியிருந்த நாற்காலியைக் காட்ட வேண்டும். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்திருக்கும். அவர் பெண்ணின் அப்பா ஆகியிருப்பார், சம்பந்தி ஆகியிருப்பார்.

முதலாளி கேட்கவில்லை.

கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று பிற்பாடு பல பேர் சொன்னார்கள். நல்ல மனிதர், பேச்சு மும்முரத்தில் மறந்திருப்பார் என்றார்கள். நான் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. இடுக்கு வழியாக அவர் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. வேட்டியைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், மீதியிருந்த நாற்காலியைப் பார்த்தார். தன் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிற ஆளைத் தனக்குச் சமமாக அதில் மனதுக்குள் ஒருமுறை உட்கார வைத்துப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. பிறகு சொன்னார்:

"ஏப்பா, காப்பி பத்தாதாட்ட இருக்குது. ஓட்டல்ல போயி நாலு காப்பி வாங்கிட்டு வந்துரு."

அவர் போகாமல் நின்றிருக்கலாம். நாற்காலியில் தானே உட்கார்ந்திருக்கலாம். யாராவது சின்னப் பையனை அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பெண்ணைப் பெற்றவன் நான் என்று சொல்லியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. "செரிங்க" என்றார். தினமும் கம்பெனியில் சொல்கிற அதே செரிங்க. அவர் யோசித்தார் என்றுகூட நான் நினைக்கவில்லை. அவர் கால் தானாகத் திரும்பிவிட்டது. சமையலறை வாசலுக்கு வந்து காப்பி வாங்கத் தூக்குப் போசியைக் கேட்டார். அவர் மனைவி போசியை எடுத்து நீட்டினாள், ஆனால் பிடியை விடவில்லை. ஒரு பக்கம் அவளும் மறு பக்கம் அவருமாக அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் பையனின் அப்பா, இவர் யாருங்க என்று கேட்டார்.

"இவுருதானுங்க பொண்ணுக்கு அப்பன்" என்றார் முதலாளி. "ரொம்ப வருசமா நம்மகிட்டத்தான் இருக்கறாரு. நல்ல ஆளுங்க, சொன்ன வேலையச் செய்வாரு."

என் பக்கத்தில் நின்ற என் சிநேகிதியைத் திரும்பிப் பார்த்தேன். தலையிலிருந்த பூவை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவர் காப்பியோடு வந்தார். அவரே ஊற்றினார், அவரே கொடுத்தார். பையனின் அம்மா நிமிர்ந்து பார்க்காமல் டம்ளரை வாங்கிக்கொண்டாள். அதற்குள் அவள் கண் வேறொரு பக்கம் போயிருந்தது. கல்யாண வயதிலிருந்த முதலாளியின் பெண் வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றாள். சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னேன் என்று முதலாளியின் மனைவி பிறகு சாதித்தாள். சும்மா எட்டிப் பார்க்கிறவளுக்குக் காசுமாலை எதற்கு என்று நான் கேட்க முடியுமா? பிறகு என் சிநேகிதியைக் கூப்பிட்டார்கள். போய் விழுந்து கும்பிட்டாள். பெயரைக் கேட்டார்கள், சொன்னாள். சமைக்கத் தெரியுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை. ஊருக்குப் போய்த் தாக்கல் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். அவள் அப்பா கேட் வரைக்கும் போய்க் கார் கதவைத் திறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் அவர் ஒருவர்தான் சந்தோஷமாக இருந்தார். நம்மைப் பற்றி முதலாளி எவ்வளவு உயர்வாகச் சொன்னார் தெரியுமா என்றார். அவர் இல்லாதபோது முதலாளி சொன்னதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நல்ல ஆள் என்று சொன்னது மட்டும் அவர் காதில் தங்கியிருந்தது. என் சிநேகிதி பூவைப் பிய்த்து எடுத்துக்கொண்டே கேட்டாள்:

"ஏனுங்கப்பா, உங்கள வாங்கன்னு கேட்டாங்களா?"

அவர் முகம் சிவந்துபோனது. தினமும் பார்க்கிறவர்களுக்குள் வாங்க எதற்கு, வெளியாட்களைத்தான் கேட்பார்கள் என்றார். தன்னை ஒரு ஆளாக நினைத்துக் கூடம் கொடுத்த மனிதரைக் குறை சொல்கிற வாய் எங்கே விளங்கப்போகிறது என்று கத்தினார். வளவு முழுக்கக் கேட்டது. நான் அவரை அவ்வளவு கோபத்தோடு பார்த்ததே இல்லை. காலையில் வந்திருக்க வேண்டிய கோபம் சாயங்காலம் வந்து ஆள் மாறி விழுந்தது.

ஒரு வாரத்தில் தரகர் வந்து ஜாதகம் பொருந்தவில்லை என்றார். மாசம் முடிவதற்குள் அதே கார், அதே ஆட்கள், அதே முன்கூடம். முதலாளியின் பெண்ணுக்கு ஜாதகம் பொருந்திவிட்டது. முதலாளியின் மனைவி கிணற்றடிக்கு வந்து, நாங்களா போய்க் கேட்டோம், அவர்களாகத்தானே வந்தார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். யாரும் அவளை எதுவும் கேட்டிருக்கவில்லை. இட்லிக்கார அம்மாள் மட்டும் காறித் துப்பினாள். துப்பியது புகையிலை என்று சொல்லிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால் நின்று வேலை செய்தது என் சிநேகிதியின் அப்பாதான். பந்தல் போட்டார், வாழை கட்டினார், பந்தியில் இலை எடுத்தார். அவர் மனைவி உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்துக்கொண்டாள். என் சிநேகிதி போகவும் இல்லை, படுக்கவும் இல்லை. அன்று கம்பெனிக்கு லீவு என்று தெரிந்தும் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தாள். "அவுங்க மேல எனக்குக் கோவமே இல்லடி. எங்கப்பன் மேலதான்" என்று என்னிடம் சொன்னாள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் இருந்தது. மூன்றாவதாக, காப்பிக் கணக்குப் பார்த்துச் சம்பந்தம் பேசிய அந்த மூலனூர்க்காரர்கள் மேலும் இருந்தது.

அடுத்த தையில் வளவின் மீதி வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு கம்பெனி போட அந்த இடம் வேண்டியிருந்தது. நாங்கள் மில்லுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போனோம். பாத்திரப் பட்டறைக்காரர் அனுப்பர்பாளையத்துக்கே போய்விட்டார். இட்லிக்கார அம்மாள் எங்கே போனாள் என்று தெரியவில்லை, யாரும் தேடவும் இல்லை. என் சிநேகிதியின் வீட்டார் ரயில் ரோட்டைத் தாண்டிப் போனார்கள். போகக் கூடாது என்று அவள் அப்பா பயந்துகொண்டிருந்த அதே இடம்.

அங்கே சுற்றிலும் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். ராமநாதபுரம், கோவில்பட்டி, திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். மழையில்லாமல் ஊரை விட்டு வந்தவர்கள், இவர் எந்தக் காரணத்துக்காக வந்தாரோ அதே காரணம். ஒரு சின்ன அறையில் ஆறு ஏழு பேராகத் தங்கிக்கொண்டு, ஷிப்டு மாற்றி மாற்றித் தூங்கினார்கள். பழைய வளவுபோலவே அங்கேயும் ஒரு வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு இன்னொரு வீட்டில் பாய் விரித்தார்கள். இவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். தெக்கத்தியானுக என்று அவர் சொல்கிற தொனியைக் கேட்க வேண்டும். அவர்கள் அண்ணாச்சி என்று கூப்பிட்டால் பதில் சொல்லாமல் செருப்பை உதறிக்கொண்டு உள்ளே போய்விடுவார். தன்னை முதலாளி நடத்தியது எதுவும் அவர் கண்ணில் படவில்லை, ஆனால் இன்னொருவரை அப்படி நடத்த மட்டும் எங்கேயோ நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து என் சிநேகிதி அவர்களில் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவன், கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், வேறு சாதி. மலைக்கோயிலில் முருகன் சன்னதிக்கு வெளியே மாலை மாற்றிக்கொண்டார்கள். பெண் வீட்டுப் பக்கம் நான் மட்டும் நின்றேன். செய்தி போனதும் அவள் அப்பா தெருக் குழாயடிக்கு வந்து, எல்லாரும் பார்க்க ஒரு குடம் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். பெண்ணுக்குத் தலைமுழுகியாகிவிட்டது என்றார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஈரத்தலையோடு முதலாளி கம்பெனிக்குப் போனார்.

அவள் நன்றாகத்தான் வாழ்ந்தாள். அடுத்த தெருவிலேயே குடியிருந்தாள். அப்பா அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். அவளுக்குப் பையன் பிறந்தபோதும் அப்படித்தான். கோபம் வந்தால் எனக்கும் மூன்று நாள் பேச்சு வராது, அது புரிகிறது. வருஷக்கணக்கில் ஒரு மனிதனுக்குத் தன் பெண்மேல் கோபம் இருக்க முடியும் என்றால் அது கோபம் இல்லை, வேறு ஏதோ. அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் அவருக்கு இருமல் முற்றிவிட்டது. அத்தனை வருஷம் மூச்சோடு இழுத்த பஞ்சு நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. கம்பெனியை அப்போது பார்த்துக்கொண்டிருந்தவன் மாப்பிள்ளை. அதே மூலனூர்க்காரன். வீட்டிலேயே இருந்துகொள்ளுங்கள் என்று ஒருநாள் சொல்லிவிட்டான். அவர் படுக்கையில் விழுந்ததும் அவர் மனைவி யாரையும் கேட்காமல் போய்ப் பெண்ணைக் கூட்டிவந்தாள். தினமும் ஷிப்டு முடிந்து என் சிநேகிதி வந்து கஞ்சி ஊட்டி, உடம்பு துடைத்து, பாயை மாற்றிப் போட்டுவிட்டுப் போவாள். அவள் உள்ளே நுழைந்தவுடன் அவர் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டே கஞ்சியைக் குடிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பார்க்கப் போயிருந்தேன். என்னைப் பார்த்து, வா கண்ணு, அப்பா சௌக்கியமா என்று கேட்டார். அவள் கஞ்சியோடு வந்தாள், கண் மூடிக்கொண்டது. அவள் பையனைக் கொண்டுவந்து அவர் காலடியில் உட்கார வைத்தாள். அவன் அவர் கால் விரலைப் பிடித்தான். அவர் காலை இழுத்துக்கொண்டார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

தெரு முனையில் கார் நிற்கிற சத்தம் கேட்டது. அந்தத் தெருவுக்குள் கார் நுழையாது. முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டி நடந்து வந்து, குனிந்து வாசலுக்குள் நுழைந்தார். அவருக்கும் வயதாகியிருந்தது. அவர் குரலைக் கேட்டதும் இவர் கண்ணைத் திறந்தார். முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி ஊன்றினார். "படுத்துக்கப்பா, படுத்துக்க" என்றார் முதலாளி. இவர் கேட்கவில்லை. முதலாளி வந்து நிற்கும்போது படுத்திருப்பது அவரால் ஆகிற காரியமில்லை. கையை நீட்டித் தேடினார், பக்கத்தில் இருந்தது மகளின் தோள். அதைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் அவர் அவளைத் தொட்டது அப்போதுதான். உட்கார்ந்தவருக்கு முதுகு நிற்கவில்லை. அவள் உள்ளங்கையை அவர் முதுகில் வைத்துத் தாங்கிக்கொண்டாள்.

முதலாளி ஒரு முக்காலியில் உட்கார்ந்து நூல் விலை ஏறிவிட்டது, மாப்பிள்ளை புது மெஷின் இறக்கியிருக்கிறான் என்றெல்லாம் சொன்னார். இவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாங்க, ஆமாங்க என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். போகிற நேரத்தில் முதலாளி அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"பரவால்லப்பா, புள்ளை வந்து பாத்துக்குதாட்ட இருக்குது" என்றார்.

"இல்லீங்க" என்றார் அவள் அப்பா. "இது பக்கத்துல தெக்கத்தி ஆளுக ஊட்டுப் பொம்பளைங்க. ஒத்தாசைக்கு வருது."

என் சிநேகிதி கையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவர் விழுந்திருப்பார்.